ஈமாக்ஸ் கான்ஃபிகில் எச்சரிக்கைகளைத் துடைக்கும்போது செய்யக் கூடாதவை

அண்மையில் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்திக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் தங்கள் இனிட் கோப்பை, அதாவது அது தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பை, சீர்செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோப்பை பைட்-கம்பைல் செய்வது (வேகமாக ஓடும் வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றுவது), கொட்டுகிற எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவது, கடைசி வரி மறைந்ததும் நிம்மதியாக மூடிவைப்பது. பல வருடங்களுக்கு முன் நானும் இதைத்தான் செய்தேன், இதே வரிசையில். அடைப்புக்குறி விட்டுப்போவது, பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை எழுதப் போவதில்லை; அவை உடனே பல்லிளித்துவிடும். எச்சரிக்கை போய் கோளாறு மட்டும் தங்கிவிடுகிற இடங்கள்தான் ஆபத்து.

எல்லா எச்சரிக்கைகளையும் மொத்தமாக அணைப்பது

வேண்டாம்.

முதல் வரியைச் சேர்த்துவிட்டுக் கிளம்பிவிடுவது

கோப்பின் முதல் வரியில் லெக்சிகல்-பைண்டிங் (மாறிக்குத் தரும் மதிப்பு எழுதிய துண்டுக்குள் மட்டும் செல்லும் முறை) குறிப்பு இல்லாவிட்டால் ஈமாக்ஸ் 30-இன் கம்பைலர் முணுமுணுக்கிறது. வசதி என்னவோ 2012-இல் வந்த 24-ஆம் பதிப்பிலேயே இருக்கிறது. அந்த வரியை ஒட்டினால் முணுமுணுப்பு நிற்கும், ஆனால் கீழே இருக்கும் நிரலின் பொருளே மாறுகிறது. ஒட்டிய பிறகு புதிதாக என்ன எச்சரிக்கைகள் முளைக்கின்றன என்று பாருங்கள். அவற்றில் ஒன்றுதான் அடுத்தது.

அடிக்கோடு போட்டு வாயை அடைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

ஈமாக்ஸில் குறிப்பெடுக்க உதவும் ஆர்க் பேக்கேஜில் முடிந்துபோன குறிப்புகளைத் தனிக் கோப்பு ஒன்றில் சேர்க்க ஒரு சின்ன ஃபங்ஷன் வைத்திருந்தேன். உள்ளே 'லெட்' (மாறிக்குத் தற்காலிக மதிப்பு தரும் கட்டளை) போட்டு, 'ஆர்க்-ஆர்கைவ்-லொகேஷன்' என்ற மாறிக்கு அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்து, அதற்குள் ஆர்க்கின் ஆர்கைவ் ஃபங்ஷனை அழைப்பேன். வருடக்கணக்கில் ஓடியது. லெக்சிகல் பைண்டிங்கை இயக்கி, பேட்ச் முறையில் (திரையில் திறக்காமல், என் அமைப்புகள் ஏறாமல்) கம்பைல் செய்தபோது, அந்த மாறியை யாரும் பயன்படுத்தவில்லை என்றது கம்பைலர். அட, அதற்காகத்தானே ஃபங்ஷனே இருக்கிறது! கம்பைலருக்குப் புரியவில்லை என்று நானே முடிவுகட்டினேன். பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்டால் இந்த எச்சரிக்கை வராது என்று எங்கோ படித்திருந்தேன். போட்டேன். அமைதி.

நான்கு மாதம் என் குறிப்புகள் போக வேண்டிய கோப்புக்குப் போகவே இல்லை. ஆர்க்கின் இயல்பு அமைப்புப்படி, மூலக் கோப்பின் பெயரோடு 'ஆர்கைவ்' என்ற வால் ஒட்டிய கோப்புகளில் ஆங்காங்கே குவிந்தன. பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. நான் பேக்கப் எடுத்ததோ அந்தத் தனிக் கோப்பை மட்டும். பழைய மடிக்கணினியைத் துடைத்தபோது மற்றவை அதோடு போயின.

கம்பைலர் சொன்னது சரி. கம்பைல் நடந்தபோது ஆர்க் ஏற்றப்படவில்லை. அதனால் அந்த மாறி எல்லோருக்கும் பொதுவான சிறப்பு மாறி என்று அதற்குத் தெரிய வழியில்லை. என் 'லெட்' அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் வாழும் ஓர் உள்ளூர்ப் பெயரை உருவாக்கியது, ஆர்க்கின் காதுக்கு அது எட்டாது. கம்பைல் செய்யாமல் ஓட்டியபோது சரியாக வந்ததே என்றால், அப்போது 'லெட்' ஓடும் நேரத்தில்தான் பார்க்கிறது. ஆர்க் அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கும். இந்த வித்தியாசம்தான் என்னை ஏமாற்றியது. அடிக்கோடோ அந்த மாறியின் பெயரையே மாற்றிவிட்டது. ஓடுவதற்கு இருந்த கொஞ்ச வாய்ப்பையும் நானே அடைத்தேன்.

தீர்வு ஒரே வரி: கோப்பின் மேலே அந்த மாறியை மதிப்பு எதுவும் தராமல் 'டெஃப்வார்' (மாறியை அறிவிக்கும் கட்டளை) செய்வது. இது சிறப்பு மாறி என்று அந்தக் கோப்பை மட்டும் பொறுத்தவரை கம்பைலரிடம் சொல்லுவதோடு சரி, வேறு எதையும் தொடாது.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு, அதிலும் விழுந்திருக்கிறேன். டெஃப்வாரில் மதிப்பு இல்லாமல் விடக் கூச்சப்பட்டு, வேறொரு பேக்கேஜின் கீமேப் (விசைகளுக்கான கட்டளைப் பட்டியல்) மாறிக்கு 'நில்', அதாவது வெறுமை, என்று எழுதிவைத்தேன். ஏற்கெனவே மதிப்பு உள்ள மாறியை டெஃப்வார் தொடாது. பேக்கேஜ் ஏறியபோது அதன் சொந்த டெஃப்வார், இங்கே ஏதோ இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டது. கீமேப் வரவில்லை, பேக்கேஜும் வேலை செய்யாமல் நின்றது.

'எஃப்லெட்' இருந்த இடத்தில் 'சிஎல்-எஃப்லெட்'

2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து பழைய 'சிஎல்' நூலகத்தை ஏற்றினாலே எச்சரிக்கை. அதிலுள்ள பெரும்பாலான பெயர்களுக்கு 'சிஎல்-' என்ற முன்னொட்டு சேர்த்தால் போதும். ஃபங்ஷனைத் தற்காலிகமாக மாற்றும் 'எஃப்லெட்'டுக்கு அது போதாது. பழையது ஃபங்ஷனை எல்லா இடத்துக்கும் தற்காலிகமாக மாற்றும், புதியது அந்தத் துண்டுக்குள் மட்டும். பழைய நடத்தை வேண்டுமென்றால் 'சிஎல்-லெட்எஃப்'.

ஃபங்ஷனின் விளக்கவுரை வரி 80 எழுத்தைத் தாண்டுகிறது என்ற எச்சரிக்கையா

தாண்டட்டும்.

மற்றவர் பேக்கேஜ்களுக்காகத் தூக்கம் கெடுவது

நேட்டிவ் கம்பைலேஷன் (நிரலை நேரடி இயந்திர மொழிக்கு மாற்றுவது) வந்த 28-ஆம் பதிப்பிலிருந்து, யாரோ எழுதிய பேக்கேஜின் எச்சரிக்கையும் உங்கள் திரையில் குதிக்கும். அதற்கென்று உள்ள மாறியை 'சைலண்ட்' என்று வைத்தால் பதிவாகும், குதிக்காது.

பழைய ஈஎல்சி

மூலக் கோப்பு புதிதாக இருந்தாலும் ஈமாக்ஸ் இயல்பாக, கம்பைலான பழைய ஈஎல்சி கோப்பைத்தான் ஏற்றும். 'லோட்-ப்ரிஃபர்-நியூவர்' மாறியை இயக்கிவிடுங்கள். நான் சொன்ன இருவரில் ஒருவர் ஒரு மணி நேரமாகத் திருத்திக்கொண்டிருந்தது, ஓடாத கோப்பை.