பேனலில் வெயில், பேட்டரியில் மின்சாரம் இல்லை: கேரவன் லித்தியம் பேட்டரிக் கோளாறுகள்

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலமான ஜூலை விடுமுறையில் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் கேரவனை இழுத்துப் போகிறவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. கூரையில் சோலார் பேனல் இருக்கும், வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் லித்தியம் பேட்டரி ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிது வாங்குவதற்கு முன், வோல்ட்டையும் டிசி ஆம்பையும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்ப் அளக்கும் கருவி) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள். பேட்டரி முனைகளுக்கு நடுவே உலோகம் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாயும்.

முதலில் பேட்டரி முனையிலேயே அளக்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் 12.8 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கானது. 13 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே சரக்கு இருக்கிறது. ஆனால் 13.2 என்பதைப் பார்த்து எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியாது; பாதி காலியானாலும் இந்த வகை பேட்டரி ஏறக்குறைய அதே வோல்ட்டைத்தான் காட்டும். சதவீதம் வேண்டுமென்றால் ஷன்ட் வைத்த மீட்டர்தான் (உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பைக் கணக்கு வைப்பது) வழி.

மீட்டர் 0 அல்லது ஓரிரண்டு வோல்ட் மட்டும் காட்டினால், பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை) தன்னைத்தானே மூடிக்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஜ் இரவெல்லாம் ஓடி பேட்டரியை அடிவரை இறக்கியிருக்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று ஏற்றுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் பேட்டரி மின்சாரத்தில்தான் விழித்திருக்கிறது. அது தூங்கிவிட்டால் பேனலால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லா லோடுகளையும் கழற்றிவிட்டு, லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரில் சுவர் மின்சாரத்தைக் கொண்டு அரை மணி நேரம் ஏற்றுங்கள். பிறகு கன்ட்ரோலரில் பேட்டரி ஒயரை முதலில் மாட்டுங்கள், பேனலைக் கடைசியில். கழற்றும்போது பேனல் முதலில். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைத் தானே கண்டுபிடிக்கும் கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. வரிசை மாறினால் கணக்கும் மாறும்.

விளக்கு எரிகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, ஆனால் காலை எட்டு மணிக்குப் பேனலிலிருந்து 0 ஆம்ப். இதற்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணம். சதர்லண்ட், கோல்டன் கேட் போன்ற இடங்களில் குளிர்கால இரவு உறைநிலைக்குக் கீழே போகும். பேட்டரிக்குள் இருக்கும் செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மின்சாரம் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. அதனால்தான் நல்ல பிஎம்எஸ் ஏற்றுவதை மட்டும் தடுத்து, இறக்குவதை அனுமதிக்கிறது. வெளிக்காற்று 8 டிகிரிக்கு வந்தும் ஏறாமல் இருக்கலாம். 11 கிலோ எடையுள்ள பேட்டரி சூடாக நேரம் பிடிக்கும். முன்பக்க இரும்புப் பெட்டியிலிருந்து பேட்டரியைக் கட்டிலுக்கு அடியே மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு. இந்தத் தடுப்பு இல்லாத மலிவு பேட்டரி என்றால், கன்ட்ரோலரில் 5 டிகிரிக்குக் கீழே ஏற்றாதபடி அமைப்பு வையுங்கள், பேட்டரிமேல் வெப்ப சென்சார் ஒட்டுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குளிரும் இல்லை என்றால் ஒயரைப் பாருங்கள். நண்பகலில் நல்ல வெயிலில், கன்ட்ரோலரின் பேட்டரி முனையில் ஒரு முறையும் பேட்டரி முனையில் ஒரு முறையும் அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 3 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு 20 ஆம்ப் அனுப்பினால், போகவரச் சேர்த்து 0.5 வோல்ட் ஒயரிலேயே கரையும். கன்ட்ரோலர் 14.2 ஆகிவிட்டது என்று எண்ணி ஆம்பைக் குறைக்கும். பேட்டரிக்குக் கிடைப்பது 13.7 மட்டுமே. 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.13 வோல்ட்தான். ஒயர் பருமன் சரியாக இருந்தும் வித்தியாசம் வந்தால் ஃபியூஸ் பிடிப்பானையும் ஒயர் நுனியில் உள்ள லக் முனைகளையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்புதான் குற்றவாளி.

ஸ்காட்பர்க், மார்கேட் போன்ற கடலோர முகாம்களுக்குப் போய்வரும் கேரவன்களில் பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 பிளக்கைக் கட்டாயம் திறந்து பாருங்கள். உள்ளே ஊசி பச்சை பூத்திருக்கும், அல்லது ஒரு பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாக இளகியிருக்கும். சுரண்டிச் சேர்த்தால் ஒரு மாதம்கூடத் தாங்குவது சந்தேகம், புது முனை கிரிம்ப் செய்யுங்கள். வெயிலில் ஆம்ப் ஓடும்போது இதைப் பிடுங்கினால் பொறி பறக்கும். முதலில் பேனலைப் போர்வையால் மூடுங்கள்.

பேனலைத் தனியே கழற்றி அளந்தால், 36 செல் உள்ள 100 வாட் பேனல் சுமார் 22 வோல்ட் காட்ட வேண்டும். வோல்ட் சரியாக இருந்து ஆம்ப் குறைந்தால் நிழலைத் தேடுங்கள். ஏசிப் பெட்டியின் நிழல் இரண்டு செல்லில் விழுந்தாலே பாதி மின்சாரம் போய்விடும். ஜூன் மாத நண்பகலில் டர்பனில் சூரியன் வடக்கே 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. படுத்திருக்கும் பேனலுக்கு நேர்வெயிலில் 60 சதவீதம்தான் கிடைக்கும். கழற்றக்கூடிய பேனலென்றால் வடக்கு நோக்கி 50 டிகிரி நிமிர்த்துங்கள்.

இதுவரை எல்லாம் சரி, ஆனால் சீக்கிரமே நிரம்பியதாகக் காட்டுகிறது, வோல்ட் திடீரென 14.6-க்கு மேல் குதித்து ஆம்ப் 0 ஆகிறது என்றால், ஒரு செல் மற்றவற்றை முந்தி 3.65 வோல்ட்டைத் தொட்டிருக்கிறது. கன்ட்ரோலரில் ஈயபேட்டரி அமைப்பு இருந்தால் முதலில் அதை மாற்றி, ஈக்வலைசேஷனையும் (அவ்வப்போது வோல்ட்டை வேண்டுமென்றே உயர்த்துவது) வெப்ப ஈடுசெய்தலையும் (வெப்பநிலைக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றுவது) அணைத்துவிடுங்கள். ஏற்றும் உச்சத்தை 14.0 வோல்ட்டுக்கு இறக்கி, தினமும் பல மணி நேரம் அங்கேயே நிற்க விடுங்கள். செல்களைச் சமப்படுத்தும் பேலன்சர் கடத்தும் மின்சாரம் மிகக் குறைவு, நாலைந்து நாள் பொறுமை வேண்டும். பிறகு 14.2 ஆக உயர்த்தலாம்.

அதற்கும் மசியாவிட்டால், முழுவதும் ஏற்றி 100 வாட் லோடு ஒன்றை மாட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். 100 ஆம்ப்-மணி பேட்டரி சுமார் 12 மணி நேரம் தாங்க வேண்டும். ஏழு மணி நேரத்தில் அணைந்தால் கோளாறு பேட்டரியில்தான். குறித்து வைத்த அளவுகளோடு விற்றவரிடம் எடுத்துப் போங்கள்.