பெல்ஜியம், பிரான்ஸ் போர்க் கல்லறைகளுக்குக் காரில் போகும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் தொடங்கி பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதி வரை, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகள் நின்ற போர்முனையைக் காரில் ஒரே நாளில் கடந்துவிடலாம். ஈப்பரிலிருந்து அராஸ் 80 கி.மீ. சொச்சம், அங்கிருந்து சோம் பகுதியின் ஆல்பெர் ஊர் இன்னொரு 40. வரைபடத்தில் இதைப் பார்த்ததும் ஒரு துணிச்சல் வரும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு இடம் எழுதிக்கொண்டு கிளம்புவார்கள். பெரும்பாலான பயணங்கள் கெடுவது இங்கேதான்.

கணக்கு இப்படி: சாலையோரச் சின்னக் கல்லறைத் தோட்டத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஈப்பர் அருகே டைன் காட், ஆல்பெர் அருகே தியெப்வால் போன்ற பெரிய இடங்களுக்கு ஒன்றரை மணி நேரம். அராஸ் அருகே விமி மேட்டில் சுரங்கப் பாதையையும் பார்ப்பதென்றால் பாதி நாள். இடையில் ஊர்ச் சாலைகள், வண்டி நிறுத்துவது, வழி தவறுவது எல்லாம் சேர்த்து ஒவ்வோர் இடத்துக்கும் இருபது நிமிடம் கூட்டுங்கள். நாளுக்கு நான்கு இடம்தான் தாங்கும். 'அப்படியே நார்மண்டியையும் பார்த்துவிடலாம்' என்று சேர்ப்பது இன்னும் பெரிய தவறு. அது வேறொரு போர், இரண்டாம் உலகப் போர். அராஸிலிருந்து 300 கி.மீ.க்கும் மேல். தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் போர் வரலாற்றில் ஒரே அளவு ஆர்வம் இருப்பது அபூர்வம். ஒருவர் படித்துவிட்டு வருவார், மற்றவர் கூட வருவார். பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சிப்பாய்க்கும் தளபதிக்கும் அதே 81 செ.மீ. உயரக் கல் என்பது திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. கூட வந்தவருக்கு மூன்றாவது இடத்திலேயே சலிப்புத் தட்டினால் அவர்மேல் குறையில்லை. அதனால் இடங்களைக் கலந்து வையுங்கள்: பிரிட்டிஷ் தோட்டம் ஒன்று, லாங்கமார்க்கில் ஜெர்மானியர் தோட்டம், அங்கே 44,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பகுதி ஒரே குழியில், பதுங்குகுழிகளை அப்படியே விட்டுவைத்திருக்கும் போமோன் ஹமெல், ஒரே வெடியில் 90 மீட்டர் அகலத்துக்கு நிலம் குழிந்துபோன லாக்நகர். இவற்றை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் ஒவ்வொரு நாடும் தன் இறந்தவர்களை எப்படி நினைத்தது என்பது புரியும்.

ஈப்பரில் இரண்டு இரவு, அராஸில் இரண்டு இரவு. இதைவிடக் குறைத்தால் ஓட்டம்தான் மிஞ்சும்.

பெயரும் தேதியும் இல்லாமல் கிளம்புவது

கல்லறைத் தோட்டம் வேறு, நினைவிடம் வேறு. உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை உண்டு. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் நினைவிடச் சுவர்களில் இருக்கின்றன. ஈப்பரின் மெனின் கேட்டில் 54,000-க்கும் மேல், டைன் காட் சுவரில் சுமார் 35,000, தியெப்வாலில் 72,000-க்கும் மேல். எந்தச் சுவரில் தேடுவது என்பதை இறந்த இடமும் தேதியும்தான் முடிவு செய்யும். ஈப்பர் பகுதியில் காணாமல் போன பிரிட்டிஷ் வீரர் 1917 ஆகஸ்ட் 15 வரை என்றால் மெனின் கேட், அதற்குப் பிறகு என்றால் டைன் காட். இந்த ஒரு தேதி தெரியாமல் மெனின் கேட்டில் கழுத்து வலிக்கத் தேடுபவர்கள் உண்டு. ஆஸ்திரேலியர்களுக்கும் கனடியர்களுக்கும் கணக்கு வேறு: பெல்ஜியத்தில் காணாமல் போனால் மெனின் கேட், பிரான்சில் என்றால் முறையே வில்லர்ஸ் பிரெத்தனோ, விமி.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால் இடம் கிடைக்கும். பலர் தோட்டத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். கல்லறை என்றால் மூன்று விவரம் வேண்டும்: ரோமன் எண்ணில் பகுதி, எழுத்தில் வரிசை, பிறகு கல்லின் எண். டைன் காட்டில் ஏறக்குறைய 12,000 கற்கள், அவற்றில் 8,300-க்கும் மேல் பெயரில்லாதவை. இந்த மூன்றும் இல்லாவிட்டால் பொழுது அங்கேயே போய்விடும். நினைவிடம் என்றால் பலகை எண். தியெப்வாலில் தூண் எண்ணும் அதன் முகப்பு எழுத்தும் வேண்டும். சுவர்களில் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக, அதற்குப் பிறகுதான் அகர வரிசையில் இருக்கும். படைப்பிரிவு தெரியாவிட்டால் அகர வரிசையால் பயனில்லை.

தோட்டச் சுவரில் சிறு வெண்கலக் கதவுக்குள் பதிவேடு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சில இடங்களில் அது இருப்பதில்லை. இரவே அறையில் விவரத்தைப் படமாகச் சேமித்துவிடுங்கள், வயல்வெளியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

ஒரே மாதிரிப் பெயர்கள் இன்னொரு பொறி. செர் ரோடு தோட்டம் 1, 2, 3 என மூன்று இருக்கின்றன. பையுல் ஊர்த் தோட்டத்தின் விரிவாக்கம் பெல்ஜிய எல்லை அருகே இருக்கிறது. பையுல் ரோடு ஈஸ்ட் தோட்டமோ அராஸுக்குப் பக்கத்தில். கார் வழிகாட்டியில் பெயரைத் தட்டாமல் ஆணையத்தின் பக்கத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையைப் போடுவதுதான் பாதுகாப்பு. அப்படியும் சில தோட்டங்களுக்குக் கடைசிச் சில நூறு மீட்டர் வயலுக்கு நடுவே புல் பாதைதான். காரைத் தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

இந்திய வீரர்களைத் தேடும்போது

நவ் ஷப்பெல் இந்திய நினைவிடத்தைப் பார்க்காமல் திரும்பும் இந்தியர்களே அதிகம். லீல் நகரிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த சண்டையின் ஊர் அது. 1927-இல் திறக்கப்பட்டது, வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். 15 மீட்டர் தூண், வட்டச் சுவர், கல்லறை இல்லாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள், தொழிலாளர்களின் பெயர்கள். ஆள் நடமாட்டம் குறைவு. சாலைச் சந்திப்பில் இருப்பதால் வேகமாக வந்தால் கடந்து போய்விடுவீர்கள்.

அங்கே தமிழ்ப் பெயர் தேடுவது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். 1914-15-இல் பிரான்சில் போரிட்ட லாகூர், மீரட் டிவிஷன்கள் பஞ்சாபியர், கர்வாலியர், கூர்க்காக்கள், டோக்ராக்கள், பட்டாணியர் நிறைந்தவை. பெயரைக்கொண்டு தேடுவதும் சிரமம்: குடும்பப் பெயர் இருக்காது, எழுத்துக்கூட்டல் எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு விழுந்தபடி. அந்தச் சண்டையின் முதல் நாளில் இறந்து விக்டோரியா கிராஸ் பெற்ற கபர் சிங் நேகியே சில ஆவணங்களில் கோபர் சிங் ஆகியிருக்கிறார். படைப்பிரிவு, இறந்த தேதி, சேவை எண் இவற்றை வைத்துத் தேடுங்கள். தந்தை பெயரும் ஊரும் கூடுதல் விவரத்தில் கிடைக்கலாம்.

இந்தியர்கள் எல்லோரும் இங்கேதான் என்றும் எண்ண வேண்டாம். பெல்ஜியப் பகுதியில் காணாமல் போன 400-க்கும் மேற்பட்டவர்கள் மெனின் கேட்டில் இருக்கிறார்கள்.

நவ் ஷப்பெல்லிலிருந்து அராஸுக்குப் போகும் வழியில் நோத்ர டாம் த லோரெத் குன்று இருக்கிறது. பிரான்சின் மிகப் பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே, 2014-இல் திறந்த நினைவு வளையம். அந்த வட்டாரத்தில் இறந்த 579,606 பேரின் பெயர்கள், எதிரி நண்பன் பேதமில்லாமல், நாடும் பதவியும் குறிப்பிடாமல், அகர வரிசையில். சிங் என்ற பெயர்கள் ஐரோப்பியப் பெயர்களுக்கு நடுவே வரிசையாக நிற்பதைத் தேடிப் பாருங்கள்.

மாலை எட்டு மணி

மெனின் கேட்டில் இறந்தவர்களுக்கு அஞ்சலியாக 'லாஸ்ட் போஸ்ட்' என்ற கொம்பிசையை ஊதுவது தினமும் இரவு 8 மணிக்கு, 1928 முதல். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது மட்டும் நின்றது. சுற்றுலாப் பருவத்தில் ஏழேகாலுக்கே போய் நில்லுங்கள், 7.55-க்கு வந்தால் தலைகள்தான் தெரியும். முடிந்ததும் கைதட்டக் கூடாது, இது கச்சேரியல்ல. மலர்வளையம் வைக்க விரும்பினால் நடத்தும் சங்கத்திடம் முன்கூட்டியே பதிய வேண்டும். உணவகங்களில் சமையலறை சீக்கிரம் மூடும் என்பதால் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், அல்லது 8.45-க்கு மேசை பதிந்துவையுங்கள்.

நவம்பர் 11 அன்று போவது பலரின் கனவு. நெரிசல் சகிக்காது, இரு நாடுகளிலும் பொது விடுமுறை, கடைகள் மூடியிருக்கும். சோம் சண்டை தொடங்கிய நாளான ஜூலை 1 அன்று தியெப்வாலும், ஆஸ்திரேலியர்களின் நினைவு நாளான ஏப்ரல் 25 அன்று வில்லர்ஸ் பிரெத்தனோவும் இப்படியே: சாலைத் தடை, முன்பதிவு. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர் நல்லது. டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். அக்டோபர் தொடங்கி சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை டிராக்டர்கள் சாலையெல்லாம் சேறு இழைத்துவிடும், பிரேக் வழுக்கும்.

விசா, கார், சாலை

ஷெங்கன் விசாவை அதிக இரவு தங்கும் நாட்டில் கேட்க வேண்டும். சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. சீக்கிரம் தேதி கிடைக்கிறதே என்று பெல்ஜியத்தில் விண்ணப்பித்துவிட்டு, விடுதி முன்பதிவெல்லாம் பிரான்சில் காட்டினால் நிராகரிக்கக் காரணம் நீங்களே கொடுத்ததாகும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுங்கள். இருவரும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இருவருக்கும் தனித்தனியாக வேண்டும், இரண்டாவது ஓட்டுநரின் பெயரை வாடகை ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கைவிரித்துவிடும். முன்பணம் பிடிக்க முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கேட்டுப் பதியுங்கள், சும்மா விட்டால் கியர் வண்டிதான். பிரசல்ஸில் எடுத்துப் பாரிஸில் விடுவதற்கு நாடு மாறும் கட்டணம் கண்ணைக் கட்டும். பாரிஸ் விமான நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் லீல் வந்து, அங்கேயே எடுத்து அங்கேயே விடுவதுதான் புத்திசாலித்தனம். ஞாயிறன்று அலுவலகம் திறந்திருக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்து சொந்தக் காரில் வருபவர்கள் முக்கோண எச்சரிக்கைப் பலகையையும் பளிச்சிடும் மேலங்கியையும் மறக்கக் கூடாது. மேலங்கி டிக்கியில் அல்ல, இருக்கைக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முகப்பு விளக்கில் ஒளி திருப்பும் ஒட்டியும் தேவை. பெல்ஜியத்தின் பிரசல்ஸ், கென்ட், ஆண்ட்வெர்ப் நகரங்களுக்குள் நுழைவதென்றால் வண்டியை முன்பே பதிய வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையில் வலப்பக்கம் ஓட்டப் பழகுவதைவிடக் கடினம் 'வலப்பக்கத்துக்கு முன்னுரிமை'. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள் நிற்க வேண்டும், நீங்கள் பெரிய சாலையில் இருந்தாலும். ஈப்பர் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஊருக்கு வெளியே வேக வரம்பு மணிக்கு 70 கி.மீ., பிரான்சில் பொதுவாக 80. எல்லையில் நிறுத்திச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். அபராதம் சில வாரம் கழித்து வரும், வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்து.

ஃபிளெமிஷ் பலகைகளில் லீல் என்று எழுதியிருக்காது, ரெய்சல் என்றிருக்கும். தூர்னே அங்கே டோர்னிக். பக்கத்து இருக்கையில் வழி சொல்பவரிடம் இந்த இரண்டு பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் காருக்குள் பாதி வாக்குவாதம் நடக்காது.

ஆளில்லா பெட்ரோல் பங்க்குகளில் சிப்பும் பின் எண்ணும் உள்ள கார்டு வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டை எல்லா இயந்திரமும் ஏற்பதில்லை. பாதித் தொட்டி இருக்கும்போதே நிரப்புங்கள். பெரும்பாலான கல்லறைத் தோட்டங்களில் கழிப்பறை கிடையாது, பார்வையாளர் மையம் உள்ள இடங்களில்தான். சோம் கிராமங்களில் ஞாயிறு மதியமும் திங்களும் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், சைவம் என்றால் இன்னும் கஷ்டம். காலையில் அராஸ் சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அராஸின் வெலிங்டன் சுரங்கத்துக்குள் கோடையிலும் 11 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும்.

தோட்டத்துக்குள்

வரிசைகளுக்கிடையே புல்லில் நடக்கலாம், அதற்காகத்தான் அந்தப் புல். கற்களின் அடியில் உள்ள பூப்பாத்தியை மிதிக்காதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. சூடம், ஊதுபத்தி, அகல் ஏற்ற வேண்டாம்: கல்லில் கறை பிடிக்கும். பூ வைப்பதென்றால் பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டு வையுங்கள். எழுத்து மங்கலாக இருக்கிறதே என்று சாக்பீஸ் தேய்ப்பதும் பாசியைச் சுரண்டுவதும் கூடாது, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்து தானே படத்தில் தெளிவாக விழும்.

வயலோரத்தில், மின்கம்பத்தின் அடியில், துருப்பிடித்த குண்டுகள் கிடப்பதைப் பார்ப்பீர்கள். உழும்போது கிடைத்ததை ராணுவம் எடுத்துப்போக விவசாயிகள் அங்கே வைக்கிறார்கள். சிலவற்றில் நச்சு வாயு இன்னும் இருக்கிறது. தொடாதீர்கள், காலால் தட்டிப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நின்று படமெடுக்காதீர்கள். தனியாகக் கிடந்தால் 112-ஐ அழையுங்கள். விமியில் வேலிக்குள் ஆடுகள் மேய்வதும் இதனால்தான், அங்கே புல்வெட்டும் ஆளை அனுப்ப முடியாது. நினைவாக ஒரு தோட்டா உறையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் விமான நிலையத்திலோ சுரங்க ரயில் நுழைவிலோ பிடித்துவைப்பார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது.