கேபிளா, லேண்ட்லைனா? வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு நெட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்கு நெட் போடுகிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை எம்பிபிஎஸ்?” என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வீட்டுக்குள் எந்த வயர் வரும், அது எங்கிருந்து கிளம்பி வருகிறது? காட்பாடி காந்தி நகரில் ஒழுங்காக ஓடும் அதே பிளான், ஊருக்கு வெளியே தள்ளிக் கட்டிய வீட்டில் தடுமாறும். பகலில் பறக்கும் நெட் இரவு 9 மணிக்கு நொண்டும். இரண்டுக்குமே காரணம் பெரும்பாலும் வயர்தான்.

“கேபிள் நெட்” என்ற பெயரை நம்பி முடிவெடுப்பது

நம் ஊர்களில் கேபிள்காரர் தருவதெல்லாம் கேபிள் நெட்தான். ஆனால் அந்தப் பெயருக்குள் மூன்று வேறு வேறு இணைப்புகள் இருக்கின்றன. டிவிக்கு வரும் அதே தடித்த கறுப்பு வயர் வந்து, திருகி மாட்டும் பின்னோடு கேபிள் மோடத்தில் சேர்ந்தால் அதுதான் உண்மையான கேபிள் பிராட்பேண்ட். கம்ப்யூட்டரில் செருகும் லேன் வயர் பக்கத்து மாடியிலிருந்து நேராக வந்தால், அது தெருவில் எங்கோ வைத்திருக்கும், நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டியிலிருந்து இழுத்தது. மெல்லிய வயர் ஒன்று சின்னப் பெட்டியில் முடிந்து அதில் ‘பான்’ என்று ஒரு விளக்கு எரிந்தால் அது ஃபைபர்.

மூன்றுக்கும் நோய்கள் வேறு, மருந்தும் வேறு. அதனால் பணம் கட்டும் முன் ஏற்கெனவே இணைப்பு வாங்கிய பக்கத்து வீட்டில் வயர் எந்தப் பெட்டியில் போய் முடிகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். லேண்ட்லைனிலும் இதே குழப்பம் உண்டு. பிஎஸ்என்எல் என்றாலே ஏடிஎஸ்எல், அதாவது போன் வரும் செம்புக் கம்பியிலேயே வரும் நெட் என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களே ஃபைபரும் தருகிறார்கள். உங்கள் தெருவில் ஃபைபர் இருக்கிறதா என்று விசாரிக்காமல் பழைய செம்புக் கம்பியில் புதிதாக இணைப்பு கேட்பதைத்தான் முதல் தவறு என்போம். ஃபைபர் கிடைக்கும் இடத்தில் கேபிளா, ஏடிஎஸ்எல்லா என்ற யோசனைக்கே வேலை இல்லை. கிடைக்காத இடங்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

ஏடிஎஸ்எல்லில் தூரத்தைக் கணக்கில் எடுக்காதது

ஏடிஎஸ்எல்லின் மேம்பட்ட வகையான ஏடிஎஸ்எல்2+ காகிதத்தில் 24 எம்பிபிஎஸ் வரை தரும். அந்த வேகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும். செம்புக் கம்பியில் உயர் அலைவரிசைகள் தூரம் கூடக் கூடத் தேய்ந்துபோகும். கம்பி நல்ல நிலையில் இருந்தால் 1.5 கிலோமீட்டருக்குள் 15 முதல் 20 எம்பிபிஎஸ் எதிர்பார்க்கலாம். 3 கிலோமீட்டரில் அது 6 அல்லது 8 ஆகிவிடும். 5 கிலோமீட்டரில் 1, 2 கிடைத்தாலே பெரிது. 2023 முதல் இந்தியாவில் ஓர் இணைப்பைப் பிராட்பேண்ட் என்று அழைக்கவே குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இங்கே தூரம் என்பது கம்பி போகும் தூரம். வண்டியில் போகும் தூரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கம்பி தெருமுனைப் பெட்டி, கம்பம் என்று சுற்றி வரும். எக்ஸ்சேஞ்ச் ஒன்றரைக் கிலோமீட்டரில் கண்ணுக்குத் தெரிந்தாலும் கம்பி இரண்டரை ஓடியிருக்கலாம்.

இதை ஊகிக்கத் தேவையில்லை, மோடமே சொல்லும். மோடத்தோடு இணைத்த கம்ப்யூட்டரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனால் டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். லைன் அட்டென்யுவேஷன் என்பது வழியில் எவ்வளவு சிக்னல் தேய்ந்தது என்பது. கிலோமீட்டருக்குத் தோராயமாக 13, 14 டெசிபெல் கூடும். 30க்குள் இருந்தால் நன்று, 50ஐத் தாண்டினால் கஷ்டம், 60க்கு மேல் என்றால் அந்த வீட்டுக்கு ஏடிஎஸ்எல் சரிப்படாது. எஸ்என்ஆர் மார்ஜின் என்பது இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு நிற்கிறது என்பது. 10க்கு மேல் இருக்க வேண்டும், 6க்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறுந்து அறுந்து சேரும். அட்டென்யுவேஷன் குறைவாக இருந்தும் மார்ஜின் மோசமாக இருந்தால் தூரத்தின் மேல் பழி போடாதீர்கள். ஜாயிண்ட் கெட்டிருக்கிறது, அல்லது வீட்டுக்குள் வயரிங் சரியில்லை. இவை இரண்டும் சரிசெய்யக்கூடியவை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜாயிண்டுக்குள் தண்ணீர் இறங்கினால் போனில் கரகரப்பு கேட்கும், நெட்டும் விழும். இரண்டும் ஒன்றாக வந்தால் மோடத்தை மாற்றிப் பயனில்லை. புகார் கொடுக்கும்போது “நெட் ஸ்லோ” என்று மட்டும் சொல்லாமல் “போனிலேயே இரைச்சல் இருக்கு சார்” என்று சொல்லுங்கள். லைனைச் சோதிக்க வேண்டிய பழுது என்று அப்போதுதான் பதிவாகும். இன்னொரு விசித்திரமும் உண்டு. இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்தால் போன் செத்துப்போகும், நெட் மட்டும் மெதுவாக உயிரோடு இருக்கும். நெட் வருகிறதே என்று அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குள் நடக்கும் தவறு ஸ்ப்ளிட்டர் விஷயத்தில். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் ஓடுகிறது, ஏடிஎஸ்எல் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. இரண்டையும் பிரிக்கத்தான் அந்தச் சின்னப் பெட்டி. ஹாலில் ஒரு போனுக்கு அதை மாட்டிவிட்டு, மாடிக்குப் போகும் பேரலல் லைனுக்கு மாட்டாமல் விடுவார்கள். மணி அடித்ததும் நெட் போய்விடும். சுவரில் லைன் முதலில் வந்து சேரும் பெட்டியிலேயே ஸ்ப்ளிட்டரை வையுங்கள், எல்லாப் போன்களும் அதன் போன் முனையிலிருந்து கிளம்பட்டும், மோடத்துக்குத் தனி முனை. ஸ்ப்ளிட்டரிலிருந்து மோடம் வரை உள்ள வயர் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருப்பது நல்லது. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் எல்லாப் போனையும் கழற்றிவிட்டு, முதல் பெட்டியில் மோடத்தை மட்டும் நேராக மாட்டிப் பாருங்கள். எண்கள் தேறினால் குற்றம் வீட்டுக்குள், தேறாவிட்டால் வெளியே.

கேபிளில் மாலை நேரத்தைப் பார்க்காமல் வாங்குவது

டிவி வயர் வழி வரும் இணைப்புக்குத் தூரம் பெரிய தடை இல்லை, வழியில் ஆம்ப்ளிஃபயர் வைத்துச் சிக்னலைத் தூக்கிவிடுவார்கள். அதன் பலவீனம் பங்கு போடுவதில் இருக்கிறது. டிவி வயரில் நெட் அனுப்பும் டாக்சிஸ் 3.0 முறையில் 8 சேனல்களைச் சேர்த்தால் மொத்தம் 300, 400 எம்பிபிஎஸ் வரும். அது ஒரு தெருக்கூட்டம் முழுவதற்கும் சேர்த்து. அந்தக் கூட்டத்தில் எத்தனை வீடுகள் என்பதைப் பொறுத்தே உங்கள் இரவு அமையும். லேன் வயர் இணைப்பிலும் இதே கதைதான், தெரு சுவிட்சுக்கு வரும் ஒற்றை லைனை எல்லாரும் பகிர்கிறார்கள்.

ஆள் வந்து மாட்டிவிட்டு மதியம் 12 மணிக்குக் காட்டும் ஸ்பீடு டெஸ்டை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். அதே தெருவில் அதே கேபிள்காரரிடம் இணைப்பு வாங்கிய வீட்டில், இரவு 8 முதல் 10 மணிக்குள், லேன் வயரைச் செருகிய லேப்டாப்பில் சோதித்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வேலைநாளும் பார்த்தால் போதும். விஐடி, சிஎம்சி சுற்றுவட்டாரத்தில் வாடகை அறைகள் நெருக்கமாக உள்ள தெருக்களில் இந்தச் சோதனையை விட்டுவிடவே கூடாது.

டிவி வயரைப் பங்கு போடுவதிலும் தவறு நடக்கிறது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்று ஏறத்தாழ 3.5 டெசிபெல் தின்னும், நான்காகப் பிரிப்பது 7 தின்னும். ஹால் டிவி, படுக்கையறை டிவி எல்லாம் பிரித்த பிறகு கடைசி முனையில் மோடத்தை மாட்டினால் அது தத்தளிக்கும். வயர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராக மோடத்துக்குக் கொடுங்கள். டிவிகளை மற்றொன்றில் பிரித்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் சாதாரண டிவி பூஸ்டரை மோடத்துக்கு முன்னால் வைக்கவே வேண்டாம். அது டிவி சிக்னலை ஒரு திசையில் மட்டும் தூக்கும். மோடம் திருப்பி அனுப்புவதை அடைத்துவிடும். மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் பவர் (உள்ளே வரும் சிக்னலின் பலம்) மைனஸ் 7 முதல் பிளஸ் 7க்குள் இருந்தால் வயரிங்கில் குறையில்லை.

லேன் வயருக்கு வேறு ஒரு கணக்கு: சுவிட்சிலிருந்து உங்கள் வீடு வரை 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற வயரை மொட்டைமாடி வழியாக இழுத்திருந்தால், வேலூர் வெயிலில் உறை வெடித்து அடுத்த மழைக்குத் தண்ணீர் குடிக்கும். வெளியே போடுவதற்கென்றே உள்ள கறுப்பு உறை வயர், முழுச் செம்பு, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது கூடாது. இதைக் கேட்டு வாங்குங்கள். இடி மின்னல் நேரத்தில் மாடிகளுக்கு நடுவே தொங்கும் லேன் வயர்தான் ரூட்டரின் போர்ட்டைக் கொல்லும். மின்னல் தெரிந்ததும் கழற்றிவிடுவது ஒன்றுதான் நம்பகமான வழி.

அப்லோடை மறப்பது

விளம்பரத்தில் வருவது டவுன்லோடு வேகம். ஏடிஎஸ்எல்லில் அப்லோடு பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 100 எம்பி வீடியோவை 0.8 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 1000 விநாடி ஆகும், அதாவது 17 நிமிடம். அந்த 17 நிமிடமும் வீட்டில் மற்றவர் வீடியோ காலில் இருந்தால் படம் உறைந்து நிற்கும். ஏனென்றால் டவுன்லோடு செய்வதற்கும் பதில் தகவல்கள் மேலே போயாக வேண்டும், மேலே போகும் குறுகலான வழி அடைபட்டிருக்கிறது. போனில் ஃபோட்டோ பேக்கப் தானாக ஓடுவதை இரவு நேரத்துக்கு மாற்றினாலே பாதி வீடுகளில் “நெட் ஸ்லோ” தீர்ந்துவிடும்.

கண்காணிப்புக் கேமரா வைக்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். முழுத் தெளிவில் ஒரு கேமராவுக்கே சுமார் 2 எம்பிபிஎஸ் அப்லோடு தேவைப்படும். அதோடு பல கேபிள் இணைப்புகளில் உங்கள் வீட்டுக்கெனத் தனி ஐபி முகவரி கிடைப்பதில்லை, பல வீடுகள் ஒன்றையே பகிரும். ரூட்டரின் பக்கத்தில் WAN என்று காட்டும் வெளி முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் அப்படித்தான். வெளியூரிலிருந்து ரெக்கார்டரை நேரடியாகத் திறக்க முடியாது. தயாரிப்பாளரின் கிளவுட் ஆப் வழியாகப் பார்க்கலாம், இல்லையேல் ஸ்டாட்டிக் ஐபி என்னும் மாறாத தனி முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்காதது

எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கிறது. வீட்டில் மோடத்துக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வைத்தால் மின்வெட்டிலும் ஏடிஎஸ்எல் ஓடும், அதற்கு வழியில் வேறு மின்சாரம் தேவையில்லை. கேபிளில் அப்படி இல்லை. தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபயரோ, யாரோ ஒருவர் மாடிப்படிக்கடியில் உள்ள சுவிட்சோ அணைந்தால் உங்கள் யூபிஎஸ் என்ன செய்யும்? “அண்ணே, நம்ம தெரு சுவிட்சு எங்க இருக்கு, அதுக்கு பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்?” என்று கேபிள்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பதில் வேகத்தைவிட முக்கியம்.

காசு விஷயம்

எம்பிபிஎஸ்ஸை 8ஆல் வகுத்தால்தான் எம்பி கணக்கு வரும், 40 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 5 எம்பி. விலையோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், 499 ரூபாய் பிளான் 589 ஆகிவிடும். “அன்லிமிடெட்” என்றாலும் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவாகக் குறையும் என்று கேளுங்கள்.

ஒரு வருடப் பணத்தைத் தள்ளுபடிக்காக முதல் நாளே கட்டிவிட வேண்டாம். ஒரு மாதம் மட்டும் கட்டி, ஒரு மழையும் ஒரு மின்வெட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை பழைய இணைப்பைத் துண்டிக்காதீர்கள். துண்டிக்கும்போது வாடகை மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள், டெபாசிட்டைத் திரும்பக் கேட்க அது தேவைப்படும். கேபிள்காரர் கொடுத்த ரூட்டர் வேறொரு கம்பெனி இணைப்பில் வேலை செய்யாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். அதை விலை கொடுத்து வாங்கும் முன் இதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.