ஜாமீன்தாரராகக் கையெழுத்திடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைதான ஒருவருக்குப் பிணை வழங்கும் நீதிமன்றம் பல வழக்குகளில் இரு நபர் ஜாமீன் கேட்கிறது. அவ்வாறு கையெழுத்திடுபவர், குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்று சான்றளிப்பதில்லை. ஜாமீன் பத்திரத்தில் சொல்லப்பட்ட காலம்வரை குற்றம் சாட்டப்பட்டவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராவார், தவறினால் எழுதிய தொகையை நான் செலுத்துவேன் என்றே உறுதியளிக்கிறார். தண்டனை விதிக்கப்பட்டால் தன்மீதும் பழி விழும் என்று அஞ்சி, நன்கு அறிந்த உறவினருக்குக்கூடக் கைகொடுக்க மறுப்பது தேவையற்றது. வெறும் கையெழுத்துதானே என்று பத்திரத்தைப் படிக்காமல் போடுவதோ ஆபத்தானது.

ஆள் கிடைக்காத அவசரத்தில் குடும்பத்தினர் இடைத்தரகர்களை நாடி, பணத்துக்கு ஜாமீன் போடுபவரை அழைத்துவருவது மிகவும் வருத்தத்துக்குரியது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் கட்டணம் பெற்று ஜாமீன் நிற்பது உரிமம் பெற்ற தொழில். இந்தியாவில் அப்படி ஒரு தொழிலுக்கு இடமில்லை. சொத்துக்கும் அடையாளத்துக்கும் சான்றாகப் போலி வரி ரசீதோ போலி ஆதாரோ கொடுத்தவர்மீது தனி வழக்கே பதிவாகலாம். வெளிமாவட்டத்தில் சொத்துள்ள உறவினரை நீதிமன்றம் ஏற்காது என்ற எண்ணமும் பலரைத் தரகரிடம் தள்ளுகிறது. ஆனால், 1978-இல் மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஜாமீன்தாரரை நிராகரித்ததைக் கடுமையாகக் கண்டித்தார்.

ஏற்கெனவே வேறு எவருக்கேனும் ஜாமீன் நின்றிருந்தால் அதை மறைக்கக் கூடாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 486-ஆம் பிரிவின்படி அந்த விவரங்கள் அனைத்தையும் அறிவிப்பது கட்டாயம்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் பேரைச் சிக்கவைப்பது, சிறையிலிருந்து ஆள் வெளியே வந்ததும் தன் பொறுப்பு முடிந்தது என்று நினைப்பதுதான். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர் வீடு மாறுவார், வேலைக்காக வெளியூர் போவார், கைபேசி எண்ணை மாற்றுவார். ஆகவே வழக்கின் தனி அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அடுத்த வாய்தாவை நீங்களே பார்த்து, முந்தைய நாளே அவருக்கு நினைவூட்டுங்கள். உடல்நலக்குறைவால் அவர் வர இயலாதபோது, அன்றைக்கே வழக்கறிஞர் மூலம் விலக்குக் கோரி மனு தாக்கல் செய்யப்படுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அது தவறினால் பிடிவாரண்ட் பிறப்பிக்கப்படலாம்.

அவர் தலைமறைவாகிவிடுவார் என்ற ஐயம் எழுந்தால், உறவு கெட்டுவிடுமே என்று மௌனமாக இருந்துவிடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் அதே சட்டத்தின் 489-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்து விடுபடும் உரிமை ஜாமீன்தாரருக்கு உண்டு. அதன்பேரில் நடுவர் (மாஜிஸ்திரேட்) வாரண்ட் பிறப்பித்து அவரை வரவழைப்பார். ஆள் முன்னிலைப்பட்டதும் உங்கள் பத்திரம் ரத்தாகும், அவர் வேறு ஜாமீன்தாரரைத் தேடிக்கொள்ள வேண்டும். மனு கொடுத்த நாளிலேயே பொறுப்பு நீங்கிவிடாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜராகாததால் பத்திரம் பறிமுதலாகி நீதிமன்றத்திலிருந்து அறிவிப்பு வந்தபின் அதைப் பெறாமல் ஒளிவது நிலைமையை மோசமாக்கும். தொகை கட்டப்படாவிட்டால் அபராதத்தைப் போல வசூலிக்கப்படும். அதற்கும் வழியில்லையெனில் ஆறு மாதம்வரை உரிமையியல் (சிவில்) சிறையில் வைக்க 491-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதே பிரிவு, காரணங்களைப் பதிவுசெய்து தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்கு வழங்குகிறது. ஆளைக் கண்டுபிடிக்க எடுத்த முயற்சிகளுக்கான சான்றுகளோடு நேரில் சென்று விளக்கமளித்து அந்தச் சலுகையைக் கேட்கலாம்.