பகடை எத்தனை தடவை உருள்கிறது? பாத்திரமேற்பு விளையாட்டுக்கு விதி எழுதுவோர் செய்யும் தவறுகள்

பாத்திரமேற்பு விளையாட்டில் மேசையைச் சுற்றி அமரும் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரமாக ஆடுவார்கள்; செயல் வெல்லுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அதற்காக நான் முதன்முதலில் எழுதிய விதித்தொகுப்பில் ஒரு வரி இருந்தது: 20 முகப் பகடையில் 1 விழுந்தால் கையிலுள்ள ஆயுதம் நழுவிவிடும். எழுதியபோது அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சண்டைக்கு ஒரு பதற்றம் வருமே என்று நினைத்தேன்.

கைதேர்ந்த வாள்வீரன் ஒரே சுற்றில், அதாவது சண்டையில் எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்பு வந்துபோவதற்குள், நான்கு தடவை வெட்டலாம் என்பதும் என் விதிதான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போடவில்லை. ஒரே வீச்சு மட்டும் உள்ள புதியவனுக்கு ஒரு சுற்றில் வாள் நழுவும் வாய்ப்பு 5 சதவீதம். நான்கு வீச்சு உள்ள வல்லவனுக்கு அது ஏறத்தாழ 18.5 சதவீதம். மந்திரவாதியோ தாக்குவதற்குப் பகடையே உருட்ட வேண்டியதில்லை. அன்று வாள்வீரனாக ஆடிய நண்பர் மூன்று மணி நேரத்தில் நான்கு தடவை குனிந்து வாளைப் பொறுக்கினார். அடுத்த சண்டை தொடங்கியதும், "நான் கதவைப் பிடித்துக்கொள்கிறேன்" என்றார்.

சமநிலை குறித்து நான் கற்றதெல்லாம் அந்த இரவில் தொடங்கியது. ஒரு விதியைத் தாளில் தனியாக வைத்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் தெரியும். மேசையில் அது எத்தனை தடவை, யார் தலையில் விழுகிறது என்று எண்ணினால்தான் அதன் உண்மையான எடை தெரியும்.

இதே தவறு பதுங்கிச் செல்லும் காட்சிகளில் வேறு உருவில் வரும். ஒரு திருடனுக்கு ஓசைப்படாமல் நடப்பதில் 80 சதவீதத் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். வாசலில் ஒரு தடவை, முற்றத்தில் ஒரு தடவை, படிக்கட்டில், அறைக்குள் என்று நான்கு தடவை உருட்டச் சொன்னால், அவன் பிடிபடாமல் உள்ளே போக 41 சதவீத வாய்ப்புதான் மிஞ்சும். ஒரே ஒரு தடவைதான் உருட்டல், ஆனால் அதே தேர்ச்சியுள்ள ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வெல்ல வேண்டும் என்றால் 33 சதவீதம். ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம். ஆனால் பதுங்குவது வீண் என்பது இரண்டாவது அமர்விலேயே புரிந்துவிடும். அதன்பின் எல்லாக் கதவும் உதைத்துத்தான் திறக்கப்படும். நுழைவது முழுவதற்கும் ஒரே உருட்டல், குழுவுக்குப் பாதிப் பேர் வென்றால் போதும் என்று எழுதினாலே நிலைமை மாறிவிடும்.

கவசத்தில் ஒளிந்திருக்கும் தவறு இன்னும் ஆழமானது. 20 முகப் பகடையில் +1 என்பது எப்போதும் 5 சதவீதம் என்று நாம் பழகிவிட்டோம். எதிரி 11 அல்லது அதற்கு மேல் உருட்டினால்தான் அடி விழும் என்றால், இருபது முகங்களில் பத்து அவனுக்குச் சாதகம். கவசத்துக்கு +1 கொடுத்தால் ஒன்பதாகும். வாங்கும் அடி பத்தில் ஒரு பங்கு குறையும். எதிரிக்கு ஏற்கெனவே 19 தேவைப்படுகிறது என்றால் அவனுக்கு மிஞ்சியவை இரண்டே முகங்கள். அங்கே அதே +1 அடியைப் பாதியாக்கிவிடும். இரண்டுக்கும் நாம் வைத்த விலை ஒன்று. ஆகவே கூர்ந்து படிக்கும் ஆட்டக்காரர் கவசம், கேடயம், மோதிரம், காப்பு மந்திரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். அது அவர் குற்றம் ஆகாது, நாம் திறந்துவைத்த வழி.

பிறகு கதையை நடத்தி எதிரிகளை ஆடும் கேம் மாஸ்டர் என்ன செய்வார்? அவரைத் தொட முடியவில்லையே என்று எதிரிகளின் தாக்குதல் எண்ணை ஏற்றுவார். அப்படி ஏற்றியதும் கவசம் அடுக்காத மற்ற மூவர்மீது ஒவ்வோர் அடியும் தவறாமல் விழும். ஒருவரை எட்டுவதற்காக மூவரை வீழ்த்தும் இந்தச் சுழலைப் பல மேசைகளில் பார்த்திருக்கிறேன். 2000-ஆம் ஆண்டில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற பாத்திரமேற்பு விளையாட்டின் மூன்றாம் பதிப்பு, ஒரே வகைக் கூடுதல்கள் பொதுவாக ஒன்றோடொன்று சேராது என்றது. ஆனால் வகைகளே ஏராளமாக இருந்ததால் அடுக்குவது நிற்கவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு எண்களைக் குறுகிய எல்லைக்குள் வைத்தது; சாதகமான நிலைமை இருந்தால் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள் என்றது. காரணங்கள் எத்தனை சேர்ந்தாலும் இரண்டே பகடைதான். 11 தேவைப்படும் இடத்தில் இது 50 சதவீதத்தை 75 ஆக்குகிறது, அடுக்க வழியில்லை. என்னைப் பொறுத்தவரை இது மிக நல்ல தீர்வு.

மந்திரவாதிக்கும் வாள்வீரனுக்கும் உள்ள பழைய வழக்கு 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அதே விளையாட்டுக்கு வெளியிட்ட முதல் விதிகளிலிருந்தே தொடர்கிறது. தொடக்கத்தில் மந்திரவாதி தவிப்பான், பிற்பாடு ஆள்வான். ஆகவே சராசரியில் சரியாகிவிடும் என்பது வாதம். நான் இதை ஏற்பதில்லை. மேசையில் அமர்பவர் சராசரியை ஆடுவதில்லை, அந்த மாலையைத்தான் ஆடுகிறார். பாதியில் நின்றுபோகும் ஆட்டங்களில் அந்தப் "பிற்பாடு" வருவதே இல்லை. நாளுக்கு இத்தனை மந்திரம் என்ற கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். ஐந்தாம் பதிப்பின் 2014 வழிகாட்டி, ஒரு குழு ஒரு நாளில் நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை தாங்கும் என்று வைத்துக் கணக்கிட்டது. கதையில் ஒரு நாளுக்கு ஒரே பெரிய சண்டைதான் நடக்கிறது என்றால், மந்திரவாதி நாள் முழுவதற்கான சரக்கையும் அதிலேயே கொட்டிவிடுவான். முதலில் உங்கள் ஆட்டத்தில் ஓய்வுக்கு முன் எத்தனை மோதல் நடக்கிறது என்று எண்ணுங்கள். மந்திரங்களின் எண்ணிக்கையை அதன்பின் எழுதுங்கள்.

ஒரு சுற்று செயலிழக்கச் செய்யும் மந்திரமும் அப்படியே. நான்கு பூதங்களில் ஒன்றின்மீது பட்டால் எதிரணி கால் பங்கு செயலை இழக்கும். தனியாக நிற்கும் அரக்கன்மீது பட்டால் முழுவதையும் இழக்கும்.

குறை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கூடுதல் புள்ளி தரும் விதிகளில் கவனம் வேண்டும். பாலைவனக் கதையில் கடலைக் கண்டு அஞ்சுபவன் இலவசமாகவே புள்ளி வாங்குகிறான். அந்தக் குறை கதையில் வந்து கடிக்கும்போது மட்டும் புள்ளி கொடுங்கள்.

சோதனை ஆட்டத்தில் எழுதியவரே விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. விதியில் இல்லாததை உங்கள் வாய் நிரப்பிவிடும். தொகுப்பை வேறொருவர் கையில் கொடுத்து, பேசாமல் உட்கார்ந்து, யார் எத்தனை தடவை உருட்டினார், யார் எத்தனை சுற்று வெறுமனே காத்திருந்தார் என்று கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு சோதனைக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அந்த வாள் விதியை நான் திருத்தி எழுதினேன்: எத்தனை வீச்சு இருந்தாலும் சுற்றின் முதல் வீச்சில் 1 விழுந்தால்தான் நழுவும், கைதேர்ந்தவனுக்கு அதுவும் இல்லை. அடுத்த அமர்வில் நண்பர் கதவை விட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.