உங்கள் ஊர் ரயிலடியின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி?

"ஸ்டேஷன் எந்த வருஷம் கட்டினது?" என்று விசாரித்தால் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். பாதை போட்ட வருஷம், நிலையம் திறந்த வருஷம், இப்போது நிற்கும் கட்டடத்தின் வருஷம், அகலப்பாதையான வருஷம் ஆகிய நான்கும் வேறுவேறு என்பதுதான் காரணம். முதலில் ஒரு நோட்டில் நான்குக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எழும்பூரின் இன்றைய கட்டடம் 1908-இல் திறந்தது. அவ்வழியே ரயில் ஓடியது அதற்கும் முன்பிருந்தே. போடிநாயக்கனூருக்கு 1928-இல் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், 1950-களில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக மூடிய தடத்தில், 2023 ஜூன் 15-இல்தான் போடிக்கு மீண்டும் ரயில் போனது. இடைவெளிகளை விட்டுவிட்டால் அந்த ஊரின் பாதிக் கதை போய்விடும்.

அடுத்து, பாதை போட்டது யார் என்று பாருங்கள். தெற்கு ரயில்வே பிறந்ததே 1951 ஏப்ரல் 14-இல்தான். அதற்கு முந்தைய எதையும் அதன் பெயரில் எழுதக் கூடாது. நாகப்பட்டினம்–திருச்சி தடத்தை 1860-களின் தொடக்கத்தில் போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. அது கர்நாடிக் ரயில்வேயோடு 1874-இல் சேர்ந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. இந்தத் தடத்தில் பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்: முதலில் போட்டது அகலப்பாதை, 1870-களில் அது மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை) ஆனது, நம் காலத்தில் மறுபடி அகலப்பாதை. மாயவரம்–முத்துப்பேட்டை (1894) போல, ஜில்லா போர்டு (அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) பணத்தில் போட்ட பாதைகளும் உண்டு. அப்படியானால் ரயில் கம்பெனி ஆவணத்தோடு ஜில்லா போர்டு கோப்புகளையும் தேட வேண்டும்.

பழைய ஆவணங்களில் ஊர்ப்பெயர் இன்றுபோல் இருக்காது. நிலையக் குறியீட்டைப் பாருங்கள்: மயிலாடுதுறைக்கு இன்றும் எம்.வி., காஞ்சிபுரத்துக்கு சி.ஜே. மாயவரம் (Mayavaram), காஞ்சீவரம் (Conjeevaram) என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் அவற்றில் தங்கியிருக்கின்றன. தேடும்போது அந்தப் பெயர்களையே பயன்படுத்துங்கள்.

பிறகு நிலையத்துக்கே போங்கள். பிளாட்பார டிக்கெட் எடுத்து, நிலைய மேலாளரிடம் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள், தண்டவாளத்தில் இறங்காதீர்கள். வேலிக்கம்பமாகவும் கூரைத்தூணாகவும் நட்டிருக்கும் பழைய தண்டவாளத் துண்டுகளின் நடுப்பட்டையில் தயாரித்த ஆலை, வருஷம், எடை எல்லாம் புடைப்பெழுத்தில் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் துருவுக்குள்ளும் எழுத்து தெரியும். '60 ஆர்' என்றால் கெஜத்துக்கு 60 பவுண்டு. இந்த வருஷத்தை நிலையத்தின் வயதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேய்ந்த தண்டவாளத்தை வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து நடுவது வழக்கம்.

தேதிகளுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம்; தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். எந்தப் பகுதி எந்தத் தேதியில் திறந்தது என்று ரயில்வே வாரியம் வெளியிட்ட தொகுப்புகள்தான் இதில் முதுகெலும்பு. அவை இரண்டு முனை ஊர்களை மட்டுமே சொல்லும், இடைப்பட்ட சிறு நிலையம் பிறகு சேர்ந்திருக்கலாம். அடுத்தடுத்த வருஷக் கால அட்டவணைகளை ஒப்பிட்டால் உங்கள் ஊர் முதலில் எப்போது தலைகாட்டுகிறது என்று பிடித்துவிடலாம்.

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். "வரலாறு என்ன?" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்றுதான் வரும். "நிலையக் கட்டடம் கட்டிய ஆண்டு பதிவான சொத்துப் பதிவேட்டின் நகல்" என்று ஆவணத்தைக் குறித்துக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற பாயின்ட்ஸ்மேன் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் ஊழியர்), கேட்கீப்பர், கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். அவர்கள் சொல்வது எந்தக் கோப்பிலும் கிடைக்காது, தள்ளிப்போடவும் கூடாது. வருஷம் கேட்காதீர்கள். "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் 1964 டிசம்பரை வைத்துச் சரியாகச் சொல்வார்கள். எந்தச் சரக்கு ஏறியது, இன்ஜினுக்குத் தண்ணீர் எங்கே பிடித்தார்கள், டோக்கன் (ஒற்றைத் தடத்தில் போக ஓட்டுநருக்குக் கொடுக்கும் அனுமதி அடையாளம்) யார் கைமாற்றினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

எழுதும்போது இரண்டு தேதிகள் முட்டினால் இரண்டையும் போட்டு, எது எங்கே கிடைத்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். 1905-க்கு முந்தைய அட்டவணையில் உள்ள மணி மெட்ராஸ் நேரம், அதாவது சென்னையின் உள்ளூர் நேரம்; இன்றைய நேரத்துக்கு மாற்ற சுமார் 9 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.