ஹாங்காங்கில் பேச்சில் தவிர்க்க வேண்டிய இனப்பெயர்கள்

ஹாங்காங்கிற்கு வேலைக்காகவோ படிப்பிற்காகவோ வரும் நம்மவர்கள் கான்டனீஸ் மொழியைப் பெரும்பாலும் சந்தையிலும் மினிபஸ்ஸிலும் காதில் விழுவதைக் கொண்டே கற்கிறார்கள். அப்படிக் கற்கும் சொற்களுள் சில பிற இனத்தவரை இழிவுபடுத்துபவை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நம்மைக் குறித்தே வழங்கும் சொல் 'ஆ ச்சா'. பிரிட்டிஷ் ஆட்சியில் இங்கே காவலராக இருந்த இந்தியரைச் சுட்டிப் பிறந்தது என்பார்கள். இந்தியின் 'அச்சா'விலிருந்து வந்தது என்பாரும் உண்டு. மூலம் எதுவாயினும், இன்று அது தெற்காசியர் அனைவரையும் மட்டம் தட்டும் சொல்லாகவே பலர் காதில் விழுகிறது. முதியவர்கள் சிலர் பகையின்றிப் பழக்கத்தால் சொல்வதுண்டு. அவர்களிடம் 'யான் தோ யான்' (இந்தியர்) என்று அமைதியாகத் திருத்திச் சொன்னால் போதும். நம்மையே குறிக்கும் இன்னொரு சொல்லான 'மோலோ ச்சா' என்பதில் வசைத்தன்மை இன்னும் கூடுதல். ஷியுங் வானில் பழம்பொருள் கடைகள் நிறைந்த அப்பர் லஸ்கர் ரோவின் சீனப் பெயரிலும் 'மோலோ' இருக்கிறது. தெருவின் பெயரைச் சொல்வதில் குற்றமில்லை, ஆளைப் பார்த்துச் சொல்வதே குற்றம்.

நம் வாயிலிருந்து எளிதில் வந்துவிடக்கூடிய சொற்களே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்களைப் 'பன் முய்' என்பதும், ஆப்பிரிக்கரை 'ஹாக் குவாய்', அதாவது கறுப்புப் பேய், என்பதும் அப்பட்டமான இழிவு. நம்மை 'ஆ ச்சா' என்றால் கொதிக்கும் நாம், நம் சமையலறையில் நிற்கும் பெண்ணை அப்படி அழைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. குழந்தைகளும் அதைக் கேட்டே வளர்கிறார்கள். அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள், அல்லது இங்குள்ள வழக்கப்படி அக்கா என்னும் பொருளில் 'சே சே' எனலாம். வெள்ளையரைக் குறிக்கும் 'குவாய் லோ'வைச் சிலர் தாங்களே ஏற்றுப் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் அலுவலகத்தில் 'சாய் யான்' (மேற்கத்தியர்) என்பதே முறை.

2008இல் இயற்றப்பட்ட இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 2009 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. பணியிடத்திலோ பள்ளியிலோ இனத்தின் பெயரால் யாரேனும் உங்களைத் துன்புறுத்தினால், சொன்ன சொல், நாள், இடம், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்து, 12 மாதங்களுக்குள் சம வாய்ப்பு ஆணையத்திடம் எழுத்துமூலம் முறையிடுங்கள்.